நாங்கள் அள்ளிய கரம்பை

எங்கள் ஊர் ஆண்கள் வழியில் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். "எத்தன அடி?" என்றுதான் கேட்பார்கள். போன இடத்தில் எத்தனை அடி ஆழம் துளை போட்டார்கள், எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது என்பதுதான் அவர்களுடைய நலம் விசாரிப்பு. பாதிப் பேருக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் பிழைப்பவர்கள். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் ஆந்திரா, ஒரிசா என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்து அடுத்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாரியம்மன் திருவிழாவுக்குத்தான், எங்கள் பேச்சில் நோம்பிக்குத்தான், வீடு திரும்புவார்கள். வந்து பார்த்தால் அவர்கள் பெண்டாட்டிமார்கள் குடத்தோடு டேங்கர் லாரியின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதில் நானும் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் வண்டிக்குப் போக ஆரம்பித்தது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே. கம்ப்ரஸர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வீட்டுக்குள் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் இருமல் வந்தது. துளை போடும்போது பறக்கிற கல்மாவு நெஞ்சில் படிந்திருக்கிறது என்று நாமக்கல்லில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். மருந்து கொடுத்தார். மருந்தைவிட முக்கியம் இந்த வேலையை விடுவது என்றும் சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, "உட்டுட்டு மண்ணையா திங்கறது?" என்று என்னிடம் கேட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலையைப் பார்த்தாற்போல் இருக்கிறது எங்கள் ஊர். மலை தினமும் தெரியும். மலையில் பெய்கிற மழைதான் எப்போதாவது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இருக்கிற காடு, மழையை நம்பின விவசாய நிலம், நல்ல மேய்ச்சல் நிலத்துக்குக்கூட ஆகாத சரளைக்காடு. ஆடியில் கடலைக்காய் போட்டால், விதைத்ததைத் திருப்பி எடுப்பதே பெரிய காரியம். ஊர் ஏரி இருக்கிறது. நான் இந்த ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து அதில் தண்ணீர் நின்று பார்த்ததில்லை. சீமைக்கருவேல முள் காடாக மண்டிக் கிடக்கும். அதற்குள் பன்றி குட்டி போடும், ஆண்கள் சீட்டாடுவார்கள். ஏரி என்ற பெயருக்கு அது செய்த வேலை அவ்வளவுதான்.

எங்கள் மகளிர் குழுத் தலைவி எனக்குப் பக்கத்து வீடு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குரலும் கனம், ஆளும் கனம், கோபம் வந்தால் தெருநாய்கள் ஒதுங்கிப் போகும். ஒரு நாள் டேங்கரில் பிடித்த குடத்துக்காக இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டு, குடமும் உடைந்து, தண்ணீரும் தெருவில் போனது. அக்கா நடுவில் போய் நின்றாள். யாரையும் திட்டவில்லை. தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு அழுதாள். அன்று சாயங்காலமே பள்ளிக்கூட மைதானத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டாள்.

"எவனோ வந்து நம்மள தூக்கி உடுவான்னு பாத்துப் பாத்து நமக்குத் தல நரச்சதுதான் மிச்சம்," என்றாள். "ஏரி நம்முளுது. முள்ளு நம்முளுது. கையி காலு நம்முளுது. ஊட்டுக்கு ஒரு ஆளு வரோணும். வராத ஊட்டுக்கு நல்லதுக்கும் போகமாட்டோம், கெட்டதுக்கும் போகமாட்டோம். அம்புட்டுத்தான்."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பயந்தாவது வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து மண் எடுக்க உத்தரவும் வாங்கிவிட்டாள். அதன் பிறகு சாமியிடம் உத்தரவு வாங்க வேண்டும். ஏரிக்கரையில் கன்னிமார் சாமி இருக்கிறது. எங்கள் பக்கம் எந்தப் பெரிய காரியம் என்றாலும் ஒரு கெடாயைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். கெடா உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி சரி என்று சொல்லிவிட்டது என்று அர்த்தம். துலுக்குவது என்போம். துலுக்கும் வரை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் கெடா லேசில் மசியவில்லை. ஊரே கைகூப்பி நின்று, "என்ன குத்தங் கொறைன்னாலும் பொறுத்து உத்தரவு குடுங்க தாயே" என்று கெஞ்சியது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் இரண்டு குடம் தண்ணீர் அதன் முதுகில் போனது. கடைசியில் கொம்பு முதல் வால் வரை ஒரு உதறு உதறியது. அத்தனை தண்ணீரை என் மேல் ஊற்றியிருந்தால் நானும்தான் உதறியிருப்பேன். ஆனாலும் குலவை போட்டவர்களில் என் சத்தம்தான் அதிகம் என்று அக்கா பிறகு கேலி செய்தாள்.

தை மாதத்தில் முள் வெட்ட ஆரம்பித்தோம். கை, கால், முதுகு எல்லாம் கீறல். சீமைக்கருவேல முள் குத்தினால் கடுப்பு சட்டென்று போகாது. ராத்திரி படுக்கையில் மகள் என் பாதத்தில் ஊசியால் முள் எடுப்பாள். பத்தாவது படிக்கிற பெண், படிப்பைவிட முள் எடுப்பதில் தேறிவிட்டாள். முள் போன பிறகு அடியில் கரம்பை தெரிந்தது. எத்தனையோ தலைமுறையாக மலைத்தண்ணீர் கொண்டுவந்து படியவிட்ட மண். மேலே பொடியான வண்டல், அதற்குக் கீழே கறுப்புக் களி. வெட்டினால் மண்வெட்டியை விடாது. கையில் எடுத்துப் பிசைந்தால் பிள்ளைகள் பொம்மை செய்யலாம், அப்படி ஒரு பசை. அதைப் பார்த்ததும் ஊரில் சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்கள்கூட வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சரளைக்காட்டில் போட்டால் காடு பொன்னாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நோம்பிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். வந்த அன்றே ஏரிக்குப் போய் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும், அது அவர் சுபாவமே கிடையாது.

"ஏம் மாமா, என்னுங்க ஆச்சு?" என்றேன்.

"நெசமாலுமே நெறையுமா புள்ள?"

"நெறையோணும்னுதான பண்றோமுங்க."

"நெறஞ்சு, மதகு தெறந்து, நம்ம காட்டுக்கு ஒரே ஒரு போகம் தண்ணி பாஞ்சாப் போதும். நான் வண்டிக்குப் போகமாட்டேன். சத்தியமாப் போகமாட்டேன்."

கத்தித்தான் சொன்னார். தெருவே கேட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. டாக்டர் சொல்லி, நான் காலைப் பிடித்து, மகள் சாப்பிடாமல் அடம் பிடித்து வராத வார்த்தை அது. அதை ஏரி வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து எனக்கு ஏரி என்றால் தண்ணீர் மட்டும் கிடையாது. அவருடைய நெஞ்சுக்கூடு அதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நோம்பி முடிந்து போர் வண்டிக்காரர்கள் கிளம்புகிற நேரத்தில் இவர் கிளம்பவில்லை. இவரைப் பார்த்து இவரோடு வேலை செய்கிற இன்னும் சிலரும் தங்கினார்கள். ஏரி வேலையே மாறிவிட்டது. அதுவரை நாங்கள் பெண்கள் கூடைக்கணக்கில் சுரண்டிக்கொண்டிருந்தோம். இவர்கள் இறங்கியதும் பள்ளம் அடிக்கணக்கில் இறங்கியது. பள்ளத்தில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் "எத்தன அடி?" என்று கத்திக்கொள்வார்கள். மேலே இருந்து நாங்கள் சிரிப்போம். மண்ணை எடுத்துப் போக வண்டி போதவில்லை. செங்கல் சூளைக்காரர் ஒருவர் டிராக்டர்களை அனுப்புகிறேன், ஊர்க்காடுகளுக்கும் மண் அடித்துத் தருகிறேன், மீதிக் களியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா கொஞ்சம் யோசித்தாள். மண்ணை எடுத்தால் போதும் என்று ஊரே நின்றது. சரி என்றாள்.

எவ்வளவு ஆழம் போவது என்று ஒரு பேச்சு வந்தது. போதும், இத்தோடு நிறுத்திக் கரையைக் கட்டலாம் என்று சில பெண்கள் சொன்னார்கள். முதுகு வலியில் சொன்னார்களே தவிர வேறு ஞானம் எதுவும் கிடையாது. எனக்கும் கிடையாது. எங்கள் காலத்தில் யாரும் ஏரி தூர்வாரிப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் விடவில்லை.

"ஆழம் போகப் போகத்தான தண்ணி? இதுகூடத் தெரியாதா உங்குளுக்கு?"

அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது சத்தியம். ஆழத்துக்குப் போனால் தண்ணீர். களி முடிந்து சரளையும் மணலும் வருகிறது என்றால் வண்டிக்காரர்கள் கைதட்டுவார்கள், ஊற்று பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஏரியிலும் ஒரு நாள் அது வந்தது. கறுப்புக் களி தீர்ந்து, அடியில் வெள்ளையும் பழுப்புமாகப் பருக்கைச் சரளை மின்னியது. இவர் அதில் ஒரு கை அள்ளி, கரை மேல் நின்ற எனக்குத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

"சரளை வந்துருச்சு புள்ள! சரளை வந்துருச்சு!"

கூட இருந்த வண்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். நானும் கை தட்டினேன். ஏரியின் நடுவாந்திரம் முழுக்க அந்தச் சரளை தெரியும் வரை சுரண்டி எடுத்தார்கள். தட்டில் சோறு ஒட்டாமல் வழித்துச் சாப்பிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

அந்த ஆடியில் எங்கள் காட்டில் கரம்பை ஒரு முழத்துக்குக் கிடந்தது. கடலைக்காய் போட்டோம். மழையும் ஓரளவு கைகொடுத்தது. கொடி கரும்பச்சையாகப் படர்ந்தது. இவர் காலையில் எழுந்ததும் காட்டுக்குப் போய்விடுவார். சும்மா வரப்பில் உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருமல் குறைந்திருந்தது. நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிந்தது. மகள் அவர் மடியில் தலை வைத்துப் பாடம் படித்தாள், அவர் காதில் விழும்படி கத்திக் கத்தி. எங்களுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை நானே சில நாட்கள் நம்பமாட்டேன்.

ஐப்பசியில் மலை கறுத்தது. மூன்று நாள் மலை கண்ணுக்கே தெரியவில்லை. ஓடையில் முதலில் நுரையும் சருகும் வந்தது, பின்னால் செந்தண்ணீர் வந்தது. ஊரே கரையில் நின்றது. ஏரி நிறைந்து தண்ணீர் கரையைத் தட்டியபோது அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள். கெடா வெட்டினோம். உத்தரவு கொடுத்த அதே கெடாதான், பாவம். என் வீட்டுக்காரர் அன்றே போர் வண்டி முதலாளிக்குப் போன் போட்டார். "இனிமே வேற ஆளப் பாத்துக்குங்க" என்று அவர் கத்தியது கரை முழுக்கக் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகு, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதற்காக ஓரத்தில் ஒரு வேப்பங்குச்சி நட்டார். மறுநாள் காலையில் போனோம். குச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு சாண் தள்ளி இருந்தது. வெயிலுக்குக் குறைந்திருக்கும் என்றார். வெயிலே அடிக்கவில்லை. குச்சியைப் பிடுங்கித் தண்ணீர் ஓரத்தில் மறுபடி நட்டார். அதற்கு அடுத்த நாள் குச்சி கரையில் நின்றது, தண்ணீர் எங்கேயோ உள்ளே போயிருந்தது. மதகு ஒழுகுகிறதா என்று வண்டிக்காரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. கரையில் எலிவளை இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். இல்லை. தண்ணீர் யாருக்கும் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் அவர் குச்சியைப் பிடுங்கி நடுவதற்குப் போய்விடுவார். பிறகு ஒரு நாள் பிடுங்கவில்லை. குச்சிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் திரும்பவில்லையா என்று தெரியவில்லை.

கடலைக்காயைப் பிடுங்கிவிட்டு அடுத்த போகத்துக்குத் திறக்கலாம் என்று மதகை மூடியே வைத்திருந்தோம். மதகின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போனபோது எங்கள் காட்டில் ஒரு சொட்டுக்கூடப் பாய்ந்திருக்கவில்லை. கார்த்திகை தாண்டுவதற்குள் ஏரி அடியில் சரளை வெள்ளையாகத் தெரிந்தது. மீன் குஞ்சுகள் அதில் செத்துக் கிடந்தன. அதே வாரத்தில், கீழே பள்ளத்தில் இருக்கிற ஊரில் தோட்டத்துக் கிணறுகள் கை எட்டும் அளவுக்கு நிறைந்திருக்கின்றன என்று சேதி வந்தது. நானே போய்ப் பார்த்தேன். ஒரு கிணற்றில் பிள்ளைகள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் நல்ல மனிதர். "தண்ணி வேணும்னா எடுத்துக்கங்க கண்ணு, இந்த வருசம் எங்கிருந்துதான் இப்புடி ஊறுதோ, சாமி புண்ணியம்" என்றார். ஒரு சொம்பு குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. எங்கிருந்து ஊறுகிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு தாலுகாவிலிருந்து ஓர் இன்ஜினியர் பையன் வந்து ஏரிக்குள் இறங்கினான். அவன் ஒன்றும் பெரிதாக ஆராயவில்லை. சரளையைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மேல இருந்த வண்டலை மட்டும் எடுத்திருக்கணும்மா. அந்தக் களிதான் தண்ணியைத் தாங்கற பாத்திரம். பாத்திரத்தோட அடியையே எடுத்துட்டீங்க. தண்ணி சரளை வழியா உங்க கெணத்துக்கெல்லாம் எட்டாம அடியில பூந்து பள்ளத்துக்குப் போயிருது."

"இப்ப என்னுங்க பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

"களியைத் திரும்பக் கொண்டுவந்து பரப்பி, ஈரத்துல நல்லா மிதிச்சு இறுக்கணும். அடுத்த மழைக்குள்ள செய்யணும்."

சொல்லிவிட்டு அவன் பைக்கில் போய்விட்டான். அவன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அன்றைக்கு ஊரில் யாரும் என் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும்தான் தோண்டினோம், எல்லோரும்தான் விசில் அடித்தோம். அக்கா வீட்டுக்கே வந்து, "தம்பி, நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். நான்கு பேர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பார். டீக்கடையில் ஒருத்தன் மட்டும் விளையாட்டாக, "ஏரிக்கே போர் போட்ட ஆளு நம்மாளுதான்" என்றானாம். இவரும் சேர்ந்து சிரித்தாராம். வீட்டுக்கு வந்து பையை எடுத்துத் துணி வைத்தார்.

நான் பையைப் பிடுங்கினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் செய்த சத்தியத்தைச் சொன்னேன். அழுதேன், திட்டினேன், செத்துப்போவீர்கள் என்றே சொல்லிவிட்டேன்.

"இங்க இருந்தா மட்டும் என்ன புள்ள?" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "தண்ணி நிக்கட்டும், வாரேன்."

மகள் ஒரு கட்டு முகக்கவசத்தைப் பையில் வைத்தாள். மத்தியான பஸ்ஸில் போனார். பொங்கலுக்கு வரவில்லை. நோம்பிக்கும் வரவில்லை.

மாசியில் அக்கா மறுபடியும் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஊரைக் கூப்பிட்டாள். களியைத் திருப்பிப் போட வேண்டும் என்றாள். எங்கே இருக்கிறது களி? சூளைக்குப் போன களி செங்கல்லாக வெந்து, சேலத்துப் பக்கம் யார் யார் வீட்டிலோ சுவராக நிற்கிறது. வெந்த மண் வெந்ததுதான். மீதி எங்கள் காடுகளில் இருக்கிறது. அந்த வருடம் கடலைக்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. ஊரில் யாரும் கண்டிராத விளைச்சல். அதை அள்ளிக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

"காட்டுக்கு அடிச்ச மண்ணத் திருப்பிக் கேக்கறது, கட்டிக் குடுத்த புள்ளையத் திருப்பிக் கேக்கற மாதிரி," என்றார் ஒருவர். அவர் முட்டாள் இல்லை. ஏரி நிற்குமா என்பது சந்தேகம், காட்டில் காய்த்தது நிஜம். அவருக்கும் வயிறு இருக்கிறது.

சரி, சாமியையே கேட்டுவிடலாம் என்றார்கள். கன்னிமார் கோயிலில் வேறொரு கெடாயை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அது அசையவில்லை. குடம் குடமாக ஊற்றினோம். காதில் ஊற்றினோம். கல் மாதிரி நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. சாமிக்கு இஷ்டமில்லை என்று சொல்லி ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கெடாயை ஒரு உதை விட்டேன். அப்போது உதறியது. பார்ப்பதற்கு அங்கே அக்காவைத் தவிர யாரும் இல்லை.

சித்திரையில் முதல் கோடைமழை பெய்து மண் நனைந்ததும் நான் எங்கள் காட்டில் மண்வெட்டி போட்டேன். சாமி உத்தரவு கொடுக்காத காரியத்தைச் செய்கிறாள், புருசன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசினார்கள். புத்தி நன்றாகத்தான் இருந்தது. ஏரியில் தண்ணீர் நின்றால் வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் நிற்க மண் வேண்டும். எனக்கு வேறு எந்தக் கணக்கும் தெரியவில்லை. அக்கா மறுநாள் அவள் காட்டிலிருந்து ஒரு வண்டி மண் அடித்தாள். புருசன்மார்கள் போர் வண்டியில் போயிருக்கிற இன்னும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். கொட்டிப் பரப்பி, அக்காவின் ஆட்டுப்பட்டியை உள்ளே ஓட்டி மிதிக்க விட்டோம். ஆடுகள் போதாமல் நாங்களும் கைகோத்துக்கொண்டு மிதித்தோம். நாள் முழுக்க மிதித்துவிட்டுக் கரையேறிப் பார்த்தால், அத்தனை பெரிய வெள்ளைச் சரளையில் ஒரு மூலையில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். ஒரு பந்திப்பாய் விரித்தாற்போல. அவ்வளவுதான். அதைப் பார்த்தால் சோறு இறங்காது.

எங்கள் காட்டில் கரம்பை தீர்ந்து பழைய சரளை தலைகாட்டிய அன்றைக்கு, ஏரிக்குள் நிற்கும்போது போன் வந்தது. அவர்தான். அவர் பேசுவதற்கு முன் இருமல் வந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தேன்.

"ஏ புள்ள, இதக் கேளு! கேளு!"

போனை எங்கேயோ நீட்டினார். முதலில் கம்ப்ரஸர் சத்தம். பிறகு அதையும் அமுக்கிக்கொண்டு ஓர் இரைச்சல். துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே அடிக்கிற சத்தம். கூட்டம் கத்தியது, புரியாத பாஷையில். பெண்கள் குலவை போடுகிற மாதிரி இருந்தது.

"கேட்டுச்சா? தென்ன மர ஒசரத்துக்கு அடிக்குது புள்ள! இந்த ஊருக்கு இதுதான் மொதத் தண்ணியாமா. எனக்கு மாலை போடறாங்க!"

"கேட்டுச்சுங்க," என்றேன். அவர் சந்தோசமாக இருந்து எத்தனை நாளாகிவிட்டது.

பிறகு கேட்டார். "ஏரி?"

"களி கொட்டி மிதிச்சுட்டு இருக்கறோமுங்க."

"களி ஏது?"

இதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். "நம்ம காட்டுதுதானுங்க மாமா. எல்லாத்தையும் அள்ளியாச்சு."

அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த காடு அது. அதற்குத் தண்ணீர் பாய்ச்சத்தான் வருகிறேன் என்றிருந்தார்.

"அப்ப நான் வந்துதான் என்ன புள்ள பண்றது?"

"வந்து மிதிங்க," என்றேன். "நாங்க பத்துப் பேருதான் மிதிக்கறோம். பத்தலீங்க. வந்து மிதிங்க மாமா."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போன் நின்றுவிட்டது.

அக்கா ஆடுகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள். "என்ன கண்ணு சொல்றாப்புல?"

"தண்ணி வந்துருச்சாமாக்கா."

மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். "எங்க? எங்க?" என்று கேட்டார்கள்.

எந்த ஊர் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.